கண்டதும் சொன்னதும்

மருத்துவச் சங்கங்கள் தம் அங்கத்தவர்களின் கல்வியின் பொருட்டு வெளியிடுகின்ற ஒலித்தொடர்கள், பொட்காஸ்ட் என்ற பெயரில் இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவர் காதுக்கும் எட்டக்கூடியனவாகிவிட்டன. அவற்றுள், பெண்களின் உடல்நலத்தில் ஸ்கான் பரிசோதனைக்குரிய இடத்தைப் பற்றி நிபுணர் இருவர் மூவர் அமர்ந்து உரையாடுகின்ற தொடர்களைக் குறித்து, நம் வன்னிப் பெருநிலத்தின் வைத்தியசாலை வட்டாரங்களிலும், அவ்வட்டாரங்களை அண்டி அபிப்பிராயம் சொல்லுகின்ற படித்தவர்களிடையிலும் ஒரு தீர்ப்பு ஏறத்தாழ ஏகமனதாக வழங்கப்பட்டிருக்கிறது. ஸ்கான் என்பது கண்ணின் வித்தை. அதைக் காதால் கற்பிக்க முற்படுவது வீண்வேலை. அப்படியே அதில் ஏதும் பிரயோசனம் இருப்பினும், அது கொழும்பிலும் இலண்டனிலும் உள்ள நிபுணர்களின் பொழுதுபோக்கேயன்றி, யந்திரத்துக்கும் அதை இயக்கும் வைத்தியருக்கும் இன்னும் கையேந்தி நிற்கின்ற கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் உரியதன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். அது அடியோடு தவறான தீர்ப்பு என்பதே என் கட்சி.

அத்தீர்ப்புக்கு வசீகரம் இல்லையென்று சொல்லமாட்டேன். சாம்பல் நிறத் திரையில் அசைகின்ற நிழல்களுள் எது கருப்பை, எது குடல், எது வெறும் வாயு என்று பிரித்தறியக் கண் பழகவேண்டும், கை பழகவேண்டும். அந்தப் பழக்கம் உரையாடல் கேட்டு வருவதில்லை. மீயொலியும் ஒலிதானே, ஒலியாலான பரிசோதனையை ஒலியாலேயே கற்பித்தால் என்ன குறை என்று சொற்சாமர்த்தியம் காட்டி எதிர்க்கட்சியின் வாயை அடைக்கவும் நான் வரவில்லை. நான் கேட்பது வேறு. ஸ்கானைச் சுற்றி நிகழ்கின்ற பிழைகள், பெண்ணொருத்தியின் வாழ்வில் தீராத அச்சமாகவும் சில வேளைகளில் மரணமாகவும் முடிகின்ற பிழைகள், எங்கே பிறக்கின்றன? திரையைப் பார்க்கத் தெரியாமையிலா, அல்லது பார்ப்பதற்கு முன் கேட்கவும், பார்த்தபின் சிந்திக்கவும், சிந்தித்ததைச் சொல்லவும் தெரியாமையிலா? முன்னதுதான் என்றால் எதிர்க்கட்சி வென்றது. பின்னதே பெரும்பகுதி என்றால், அப்பகுதியைக் கற்பிப்பதற்கு அனுபவமுள்ள ஒருவரின் குரலைவிடத் தகுந்த சாதனம் எது என்பதை அவர்கள்தாம் சொல்லவேண்டும்.

இக்கலையின் பிறப்பையே எடுத்துக்கொள்வோம். கிளாஸ்கோ நகரத்து மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட், 1955ஆம் ஆண்டில், கொதிகலன் செய்யும் தொழிற்சாலையொன்றில் உலோகத்தின் உள்வெடிப்பைக் கண்டறிய வைத்திருந்த யந்திரத்தை நாடி, அறுவையில் அகற்றிய கட்டிகளைத் தம் மோட்டார் வண்டியில் ஏற்றிச் சென்றார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு மாட்டிறைச்சித் துண்டும் அங்கே தயாராக இருந்தது. அன்று அவர் கண்டது படமன்று. திரையில் எழுந்து விழுந்த சில கூரிய கோடுகள். திண்மையான நார்க்கட்டி ஒருவகையாகவும், நீர் நிரம்பிய சூலகக் கட்டி வேறொருவகையாகவும் எதிரொலிப்பதை அக்கோடுகளிலிருந்து அவர் அனுமானித்தார். சில காலத்தின் பின், இரைப்பைப் புற்றுநோய் முற்றி வயிற்றில் நீர் கோத்துவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணை அம்முறையாற் சோதித்து, அது நீர்க்கோவையன்று, பெரியதொரு சூலகக் கட்டி என்று துணிந்து, அதை அகற்றி அவளைப் பிழைப்பித்தார். அவரும் அவருடைய சகாக்களான மக்விக்கரும் பிரவுணும் 1958 ஜூனில் லான்செட் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பும் வயிற்றுக் கட்டிகளைப் பற்றியதேயன்றி வயிற்றிலுள்ள பிள்ளையின் முகத்தைப் பற்றியதன்று. இன்று நம் ஊர்களில் முப்பரிமாணப் படம் எடுத்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்கின்றவர்களின் யந்திரத்தோடு ஒப்பிட்டால், டொனால்டின் கண்முன் இருந்தது ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது பிம்பத்தின் தெளிவன்று. வந்த குறியை அவளுடைய நோயின் கதையோடு பொருத்திப் பார்த்த விவேகம்.

சைவ சித்தாந்தம் பயின்ற நம் முன்னோர், அறிவு வரும் வாயில்களைக் காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளாக வகுத்தனர். மலையிற் புகையைக் கண்டவன் நெருப்பைக் காண்பதில்லை, கருதுகிறான் என்பது திண்ணைப் பள்ளி மாணவனும் அறிந்த உதாரணம். ஸ்கான் திரை தருவது காண்டலில் ஒரு சிறு துணுக்கு மாத்திரமே. மாதவிடாய் நின்று ஆண்டுகள் கழிந்த பெண்ணுக்கு மீண்டும் உதிரம் பட்டதா என்று கேட்காமல், அவளுடைய கருப்பையின் உட்சவ்வு எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து என்ன பயன்? உதிரப்போக்குள்ள பெண்ணுக்கு அச்சவ்வு 4 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைவாக இருப்பது பெரும் ஆறுதல்; உதிரப்போக்கே இல்லாத பெண்ணுக்கு அதைவிடச் சற்றுத் தடித்திருப்பது தன்னளவில் பீதிக்குக் காரணமன்று. திரையில் தெரியும் எண் இருவருக்கும் ஒன்றாயிருக்கலாம். அதன் பொருள் ஒன்றன்று. அப்பொருள் கேள்வியிலும் பதிலிலும் இருக்கிறது, திரையில் இல்லை.

முல்லைத்தீவு மாவட்டத்து உட்கிராமமொன்றிலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் புறப்பட்டு, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கவேண்டுமென்று சொன்னபடியால் பெரிய போத்தல் தண்ணீரை முழுவதும் குடித்து முடித்துவிட்டு, வாங்கின் விளிம்பில் கால்களைக் குறுக்கி உட்கார்ந்தவாறு தன் முறைக்குக் காத்திருக்கும் ஐந்துமாதப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை எண்ணிக்கொள்ளுங்கள். வெளியே இன்னும் நாற்பது பேர் இருக்க, உள்ளே அவளுக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில், “நச்சுக்கொடி கொஞ்சம் கீழ கிடக்கு, கவனமா இருங்கோ” என்று மாத்திரம் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பார்த்ததிற் பிழையில்லை, நச்சுக்கொடி கீழேதான் இருக்கிறது. அவள் வீட்டுக்குப் போனபின் நடப்பதை ஸ்கான் அறை அறியாது. “கவனம்” என்பதற்கு மாமியார் ஒரு வியாக்கியானமும் அயல்வீட்டார் வேறொரு வியாக்கியானமும் செய்ய, அவள் பாயை விட்டு எழும்பாமற் கிடக்க, கச்சான் பிடுங்கும் காலத்திற் கணவன் தோட்டத்தை விட்டு அடுப்படியில் நிற்க, பிள்ளை தங்காது என்ற பேச்சு ஒழுங்கை முழுவதும் பரவிவிடுகிறது. ஐந்தாம் மாதத்தில் தாழ்ந்திருக்கும் நச்சுக்கொடி, கருப்பை வளர வளரப் பெரும்பாலானோர்க்கு மேலே விலகிவிடும் என்பதையும், எட்டாம் மாதமளவில் இன்னொருமுறை பார்த்தால் போதும் என்பதையும், படுத்தே கிடக்கத் தேவையில்லை, ஆனால் உதிரம் பட்டால் எந்நேரமாயினும் வைத்தியசாலைக்கு வந்துவிட வேண்டும் என்பதையும் சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை எப்படிப் பேசுவது என்று எந்தப் படப்புத்தகம் கற்பிக்கிறது? இரண்டு அனுபவசாலிகள் தமக்குள் உரையாடுவதைக் கேட்டால், அவர்கள் எங்கே தயங்குகிறார்கள், எந்தச் சொல்லைத் தவிர்க்கிறார்கள், எதை முதலிற் சொல்கிறார்கள் என்பதெல்லாம் கேட்பவனுக்குத் தானாகவே படிந்துவிடும்.

பேறுகாலத் தேதியைப் பாருங்கள். கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் கருவின் நீளத்தை அளந்து குறித்த தேதி ஒரு கிழமைக்குள் சரியாக இருக்கும். கடைசி மூன்று மாதங்களில் அளந்து குறித்தால் மூன்று கிழமைவரை பிசகலாம். ஆகையால் முதலிற் குறித்த தேதியைப் பின்வந்த ஸ்கானைக் கொண்டு மாற்றலாகாது என்பது அடிப்படை விதி. அவ்விதி மீறப்படும்போது நிகழ்வது என்ன? வயிற்றில் வளர்ச்சி குன்றிய பிள்ளை, “வயது குறைந்த” பிள்ளையாகக் கணிக்கப்பட்டு, உதவி மிக வேண்டிய தருணத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிடுகிறது. இரண்டாவது ஸ்கானை எடுத்தவர் தொடையெலும்பையும் தலையின் அகலத்தையும் ஒரு மில்லிமீற்றரும் பிசகாமல் அளந்திருக்கலாம். அளவு சரி, முடிவு பிழை. சிறுநீர்ப் பரிசோதனையிற் கர்ப்பம் என்று வந்தும் கருப்பையில் ஒன்றும் தெரியாத பெண்ணின் நிலை இதனினும் கொடிது. இரண்டு கிழமை கழித்து வா என்பது சில சந்தர்ப்பங்களில் நியாயமான ஆலோசனையே. ஆனால் கரு குழாயில் தங்கியிருக்கக்கூடும், மயக்கமோ வயிற்று வலியோ தோள்மூட்டு வலியோ கண்டால் இரவு பகல் பாராமல் வரவேண்டும் என்ற எச்சரிக்கையின்றி, கொக்குத்தொடுவாய்ப் பக்கத்துப் பெண்ணொருத்தியை அப்படி அனுப்புவது அவளை விதியிடம் ஒப்படைப்பதாகும்.

இவையெல்லாம் கதைகள், பெருந்தொகையான ஆதாரம் எங்கே என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. கொங்கோ, குவாத்தமாலா, கென்யா, பாகிஸ்தான், சாம்பியா ஆகிய ஐந்து நாடுகளின் கிராமப்புறங்களில், தாதியர் முதலான சுகாதார ஊழியர்க்குப் பயிற்சியளித்து, கர்ப்பிணிகளுக்கு ஒழுங்காக ஸ்கான் செய்வித்த பெரியதோர் ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளியாயின. அவர்கள் எடுத்த பிம்பங்களை நிபுணர்கள் மதிப்பிட்டு, அவற்றுள் மிகப் பெரும்பான்மை குறைவற்றவை என்றே கண்டனர். ஆகவே கண்ணும் கையும் கற்றுக்கொண்டன என்பதில் ஐயமில்லை. ஆயினும், தாய் சேய் மரணங்கள் குறையவில்லை. சிக்கல் உள்ள பெண்கள் வைத்தியசாலையிற் பிரசவிப்பதுகூட அதிகரிக்கவில்லை. ஸ்கான் பயனற்றது என்று இதற்கு அர்த்தம் செய்வாருளர். உலகச் சுகாதார நிறுவனம் 24 வாரத்துக்கு முன் ஒரு ஸ்கான் வேண்டுமென்று 2016இல் விதந்துரைத்ததை நினைத்தால் அவ்வர்த்தம் அவசரப்பட்டது. கண்டதற்கும் செய்ததற்கும் இடையில் ஒரு பள்ளம் இருந்தது என்பதே நான் செய்யும் அர்த்தம். வாகனம் இல்லாமை, பணம் இல்லாமை, செல்லுமிடத்தில் அறுவைக்கூடம் இல்லாமை ஆகியவை அப்பள்ளத்தில் உண்டு, மறுக்கவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டியவருக்குச் சொல்லாமையும் அதில் உண்டு.

மகப்பேற்றுக்கு அப்பாலும் கதை இதுவே. சூலகக் கட்டிகளை ஸ்கானிற் பார்க்கும் வைத்தியர்கள் ஒரே கட்டியை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக வருணித்துக் குழம்பிய நிலையில், ஐரோப்பிய நிபுணர் சிலர் 1999இல் ஐயோட்டா என்ற குழுவாகக் கூடி, எதை எப்படி வருணிக்கவேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் ஓர் உடன்பாடு கண்டனர். 2008இல், தீங்கற்றதைக் காட்டும் குறிகள் ஐந்து, புற்றுநோயைக் காட்டும் குறிகள் ஐந்து என்று எளிய விதிகளையும் வகுத்தனர். விரல்விட்டு எண்ணிக்கொண்டே வாயாற் சொல்லிக் கொடுக்கக்கூடிய விதிகள் அவை. ஐக்கிய இராச்சியத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் உள்ளால் ஸ்கான் செய்தும், இன்னொரு பகுதியினருக்கு முதலில் இரத்தப் பரிசோதனை செய்தும், மற்றவர்களை வழமைப்படி விட்டும் நடத்திய ஆய்வு, அறிகுறியில்லாப் பெண்களை இவ்வாறு சல்லடை போட்டுத் தேடுவதாற் சூலகப் புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை என்று 2021இல் அறிவித்தது. எப்போது பார்க்கலாகாது என்பதும் ஸ்கான் கல்வியின் ஒரு பகுதி. அதைத் திரை ஒருநாளும் கற்பிக்காது, ஏனெனில் திரைக்கு வந்துவிட்ட பெண்ணையே அது அறியும்.

உள்ளால் ஸ்கான் என்றேன். அதைப் பற்றி நம்மவர் வாய்திறவாமல் இருப்பதும் ஒரு குறைதான். திருமணமாகாத பெண்ணிடமும் கணவனை இழந்த பெண்ணிடமும் அதை எப்படி விளக்குவது, வேண்டாமென்றால் முகஞ்சுளிக்காமல் எப்படி ஏற்பது, அருகில் ஒரு தாதி நிற்கவேண்டியதன் அவசியம் என்ன என்பவற்றை எந்தத் திரை கற்பிக்கும்? ஒரு சொல்லும் சொல்லாமல் உடையை அகற்றச் சொன்ன இடத்துக்குப் பெண் மறுமுறை வருவதில்லை. அவளுடைய கட்டி அவளோடு வளர்கிறது.

வன்னிக்கு முதலில் வேண்டியது யந்திரமும் வைத்தியரும் என்ற இரண்டாவது வாதத்துக்கு வருவோம். வேண்டும்தான். ஆனால் யந்திரமும் கட்டடமும் மனிதரைவிட விரைவாக வந்துவிடுகின்றன. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில், நெதர்லாந்தின் உதவியோடு எழுந்த பெண்கள் நலச் சிறப்பு நிலையம் 2024 மே மாதத்தில் திறந்து வைக்கப்பட்டது. நல்ல காரியம், போற்றத்தக்கது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாட்டை விட்டுச் சென்ற வைத்தியர்களையோ, ஓரிரு ஆண்டு கடமையாற்றிவிட்டு இடமாற்றத்திற் புறப்படுகின்றவர்களையோ எந்தக் கட்டடத்தாலும் நிறுத்திவைக்க முடியாது. புறப்படும் வைத்தியரோடு அவர் சேர்த்த விவேகமும் ஏ-9 வீதியால் போய்விடுகிறது. மாங்குளத்திலோ மல்லாவியிலோ புதிதாக வந்து, இரவுக் கடமையில் கேட்பதற்கு ஆளில்லாமல் தனியே நிற்கும் இளம் வைத்தியருக்கு, இருபதாண்டு அனுபவசாலிகள் இருவரின் உரையாடல் காதோடு துணையிருப்பது பொழுதுபோக்கா? யந்திரம் வரும்வரை கல்வி பொறுத்திருக்கட்டும் என்பவர்கள், வந்த யந்திரத்தின் முன் யாரை நிறுத்தப் போகிறார்கள்?

கேட்டறிவதை ஏளனம் செய்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டலாம். பொருளாதாரத் தடையால் மின்சாரமும் மின்கலமும் அற்றிருந்த தொண்ணூறுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலியை உயிர்ப்பித்து, இரவில் பிபிசி தமிழோசையைக் கேட்டவர்கள் நம் வன்னி மக்கள். ஒருவர் சுற்ற, பத்துப் பேர் கேட்டார்கள். படம் இல்லையே, எப்படி நம்புவது என்று அன்று எவரும் எழுந்து போகவில்லை.

கைப்பழக்கம் ஒலித்தொடரால் வராது என்பதை முன்பே ஒப்புக்கொண்டேன். கருவியைக் கையிற் பிடித்து, மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்க, நூற்றுக்கணக்கான பெண்களைப் பார்த்தே அது வரும்; அதற்குரிய பயிற்சியிடங்களை நம் மாவட்ட வைத்தியசாலைகளிற் பெருக்கவேண்டும் என்பதில் எதிர்க்கட்சிக்கும் எனக்கும் பிணக்கில்லை. பயிற்சிக்குப் பதிலாக ஒலித்தொடர் என்று எவராவது சிக்கனம் பேசினால், அவர்களை எதிர்ப்பதிலும் நான் பின்னிற்கமாட்டேன்.

இத்தொடர்களிற் குறை காண விரும்புவோர் உண்மையான குறைகளைக் காணட்டும். முதலாவது, சில நிகழ்ச்சிகளுக்கு யந்திரம் விற்கும் கம்பனிகள் பணம் கொடுக்கின்றன. பணம் கொடுத்தவர் யார் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லாத நிகழ்ச்சியைச் சந்தேகத்தோடு கேட்பதே முறை. இதைவிடப் பெரிது, அவை வேறொரு நாட்டின் சட்டத்துக்குள் நின்று பேசுவது. ஐந்தாம் மாத ஸ்கானிற் பிள்ளைக்கு மண்டையோடே உருவாகவில்லை என்று தெரியவரும்போது, அந்நாடுகளின் நிபுணர் கர்ப்பத்தை முடித்துக்கொள்ளும் தெரிவைத் தாயின் முன் வைப்பது பற்றிப் பேசுகிறார். 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு இன்றும் நம்மை ஆளும் தண்டனைச் சட்டக்கோவையோ, தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்கும் அதை அனுமதிக்கவில்லை. ஆகவே, பிழைக்கமாட்டாத பிள்ளையை இன்னும் நான்கு மாதம் சுமக்கவிருக்கும் பெண்ணோடு இங்குள்ள வைத்தியர் பேசவேண்டிய பேச்சு முற்றிலும் வேறு. அதை இலண்டனிலிருந்து எவரும் நமக்குச் சொல்லித் தரப்போவதில்லை. அந்தப் பேச்சைச் சங்கங்கள் நடத்தவில்லை என்பது ஒலித்தொடருக்கு எதிரான வாதமன்று. நமக்கென்று ஒன்று வேண்டுமென்பதற்கான வாதம்.

தமிழில் இவற்றைப் பேச இயலாது என்பவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மானிப்பாயிலிருந்து வைத்தியம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனை மறந்துவிட்டார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த அம்மனிதர் தமிழ் கற்று, பிரசவ வைத்தியத்தையும் இரண வைத்தியத்தையும் உடற்கூற்றையும் தமிழ் நூல்களாக்கி, தமிழிலேயே மாணாக்கர்க்குப் போதித்தார். 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் பயின்று வெளிவந்து வடமாகாணம் எங்கும் பணிபுரிகின்ற வைத்தியர்களுக்கு, அவர் எதிர்கொண்ட சிரமத்திற் பத்திலொரு பங்கும் இல்லை. கிளினிக்கில் நாள்முழுவதும் தமிழிற் பேசுகின்றவர்கள் ஒலிவாங்கியின் முன் மாத்திரம் பேச இயலாதவர்களாகிவிடுவார்களா?

அப்படியொரு தொடர் அமையுமாயின், அதில் மகப்பேற்று நிபுணரும் கதிரியக்க வைத்தியரும் மாத்திரம் அமர்ந்தாற் போதாது. குடும்பநல உத்தியோகத்தரையும் அமர்த்தவேண்டும். 1930களில் இலட்சம் பிறப்புக்கு 2,000 அளவிலிருந்த இந்நாட்டின் தாய் மரணங்கள் இன்று முப்பது நாற்பது என்ற அளவுக்கு இறங்கியமைக்கு அவருடைய வீட்டுத் தரிசனங்கள் ஒரு பிரதான காரணம். அவ்விறக்கத்தின் பெரும்பகுதி ஸ்கான் யந்திரம் இங்கு பரவுமுன்னரே நிகழ்ந்துவிட்டது. அவர் ஸ்கான் செய்வதில்லை. ஆனால் வைத்தியசாலையிலிருந்து வந்த பெண் கர்ப்பகாலப் பதிவேட்டையும், பொலித்தீன் உறையில் மடித்த ஸ்கான் துண்டையும் விரித்து, இதில் என்ன எழுதியிருக்கிறது மிஸ் என்று கேட்பது அவரிடந்தான். டொக்டரிடம் கேட்கக் கூசிய கேள்விகள் எவை என்று அறிந்தவரும் அவர்தான். அவரை அழைக்காமல், வைத்தியர்கள் தமக்குள்ளேயே பேசி மகிழும் தொடராக அது முடியுமாயின், பொழுதுபோக்கு என்று எதிர்க்கட்சியினர் இட்ட பெயர் அதற்குப் பொருந்திவிடும். அப்போது அவர்களோடு வாதிட என்னிடமும் நியாயம் இராது.